வீட்டில், வேலையிடத்தில், கைப்பேசியில்: பெண்கள்மீதான வன்முறை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் வாழும் தமிழ்ப் பெண்களுக்காகவும் அவர்களுக்குத் துணை நிற்பவர்களுக்காகவும் இதை எழுதியிருக்கிறோம். குடியுரிமை உள்ளவர், கணவரின் அனுமதி அட்டையில் இருப்பவர், வேலை அனுமதியில் வந்தவர் என யார் படித்தாலும் பயன்படும். அவசரத்தில் இருப்பவர் முதல் கேள்வியை மட்டும் படித்தால் போதும்.

இப்போதே ஆபத்து. யாரை அழைப்பது?

999. வாய்திறந்து பேச முடியாத நிலை என்றால் 70999 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். புளோக் எண், சாலைப் பெயர், மாடி, வீட்டு எண் இவற்றை முதலில் எழுதுங்கள். என்ன நடக்கிறது என்பது அதற்குப் பிறகு. பதற்றத்தில் கதை முழுவதையும் தட்டச்சு செய்து, முகவரி எழுதுமுன் கைப்பேசி பறிபோனால் போலீஸ் எந்த வீட்டுக்கு வரும்?

உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை, ஆனால் பேச வேண்டும் என்றால் வன்முறை, பாலியல் துன்புறுத்தலுக்கான தேசிய உதவி எண் 1800-777-0000. 24 மணி நேரமும் எடுப்பார்கள். தமிழில் பேச வேண்டும் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து, ஆபத்து அதிகமுள்ள குடும்ப வன்முறைச் சம்பவங்களில் போலீசோடு சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் அதிகாரிகளும் வீட்டுக்கு வருகிறார்கள். அடிப்பவர் உங்களை நெருங்கக்கூடாது, வீட்டுக்குள் வரக்கூடாது என்று 14 நாள்வரை செல்லும் அவசர உத்தரவை அந்த இடத்திலேயே போட அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

அவர் அடிப்பதில்லை. திட்டுவார், மிரட்டுவார், எங்கே போனாய் என்று நொடிக்கு நொடி கேட்பார். இதுவும் வன்முறையா?

ஆம். 1961-ல் வந்த மாதர் சாசனம் என்ற சட்டம் பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது. 2025 ஜனவரி 2 முதல் நடப்பில் உள்ள திருத்தம் குடும்ப வன்முறை என்றால் உடல் வன்முறை, பாலியல் வன்முறை, உணர்வுரீதியான அல்லது மனரீதியான வன்முறை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஆட்டிப்படைப்பது, அச்சத்திலேயே வைத்திருப்பது, ஓயாமல் இழிவுபடுத்துவது எல்லாம் அதில் அடங்கும்.

“இன்னும் அடிக்கவில்லையே, அடித்தால் பார்த்துக்கொள்ளலாம்” என்று ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் பெண்கள் ஏராளம். காத்திருக்கச் சொல்லி எந்தச் சட்டமும் கேட்கவில்லை. முதல் மிரட்டலிலேயே ஆலோசனை கேட்கலாம். கேட்டதற்காக யாரும் உங்களை நீதிமன்றத்துக்கு இழுத்துப்போகமாட்டார்கள்.

வீட்டுச் செலவுக்குப் பணமே தருவதில்லை என்றால் அதற்குத் தனி வழி இருக்கிறது. விவாகரத்து கேட்காமலேயே மனைவி பராமரிப்புத் தொகைக்குக் குடும்ப நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம்.

பிபிஓ என்கிறார்களே, அது என்ன? எப்படி வாங்குவது?

தனிநபர் பாதுகாப்பு உத்தரவைத்தான் பேச்சுவழக்கில் பிபிஓ என்கிறோம். குறிப்பிட்ட குடும்ப உறுப்பினர் உங்கள்மீது வன்முறை செய்யக்கூடாது என்று குடும்ப நீதிமன்றம் இடும் கட்டளை அது. 18 வயது நிரம்பியவர் தானே விண்ணப்பிக்கலாம்; முன்பு இந்த வயது 21 ஆக இருந்தது. முஸ்லிம் பெண்களும் ஷரியா நீதிமன்றத்துக்குப் போகாமல் இதே குடும்ப நீதிமன்றத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். வழக்கறிஞர் கட்டாயமில்லை.

வழி இரண்டு. சிங்பாஸ் (அரசாங்கச் சேவைகளுக்கான மின்னிலக்க அடையாளக் கணக்கு) வைத்திருப்பவர் ஐஃபாம்ஸ் என்ற குடும்ப நீதிமன்ற இணையத்தளத்தில் படிவத்தை நிரப்பலாம். தனியாக நிரப்பத் தயங்குபவர் குடும்பப் பாதுகாப்புச் சிறப்பு நிலையம் ஒன்றுக்குப் போகலாம்: பேவ், டிரான்ஸ் சேஃப், கேர் கார்னர் புராஜெக்ட் ஸ்டார்ட். அங்கே சமூக ஊழியர் பக்கத்தில் உட்கார்ந்து படிவத்தை நிரப்ப உதவுவார். ஹேவ்லாக் ஸ்குவேரில் உள்ள குடும்ப நீதிமன்றத்துக்கு அலையாமல் காணொளி வழியாகவே நீதிபதிமுன் உறுதிமொழி எடுக்கலாம். முதன்முறை விண்ணப்பிப்பவர்களுக்கு இரண்டாவது வழியையே நாங்கள் சொல்வோம். படிவம் சின்னதுதான், அதில் எதை எழுதுகிறோம் என்பது பெரிய விஷயம்.

படிவத்தில் கடைசியாக நடந்த சம்பவத்தையும் அதற்கு முன்பு நடந்தவற்றையும் எழுதச் சொல்வார்கள். கடைசிச் சம்பவத்துக்குத்தான் முழுக் கவனமும் கொடுக்க வேண்டும்: தேதி, நேரம், எந்த அறை, என்ன செய்தார், என்ன சொன்னார், பிள்ளைகள் எங்கே இருந்தார்கள். பழைய சம்பவங்களுக்கு நாலைந்து வரி போதும். கல்யாணமான நாளிலிருந்து தொடங்கி, நேற்று நடந்ததைக் கடைசி வரியில் தொட்டுவிட்டுப் போகும் படிவங்கள் வலுவிழந்துவிடுகின்றன.

விண்ணப்பம் கொடுத்ததும் எதிர்த்தரப்புக்கு அழைப்பாணை போகும். உடனடி ஆபத்து இருப்பதாக நீதிபதி கருதினால், முழு விசாரணைக்கு முன்பே இடைக்கால விரைவு உத்தரவு கிடைக்கும். அது பொதுவாக 28 நாள் நீடிக்கும், தேவைப்பட்டால் நீட்டிப்பார்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அந்த உத்தரவு அவர் கையில் சேர்ந்த பிறகே நடப்புக்கு வரும். அவர் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தாலோ வேலையிடத்திலேயே கிடந்தாலோ, வீட்டு முகவரிக்குப் போன தாள் திரும்பி வந்துவிடும். ஆகவே அவருடைய வேலையிட முகவரி, வேலை நேரம், அவர் தங்கக்கூடிய வேறு இடங்கள் எல்லாவற்றையும் படிவம் கொடுக்கும்போதே எழுதிக் கொடுங்கள்.

அடுத்த சறுக்கல் நீதிமன்றத் தேதி. அன்று நீங்கள் போகவில்லை என்றால் விண்ணப்பம் தள்ளுபடியாகிவிடலாம். உடம்பு சரியில்லை என்றால் மருத்துவச் சான்றிதழோடு முன்கூட்டியே தெரிவியுங்கள்.

பிபிஓ கிடைத்துவிட்டால் அவர் வீட்டுக்கே வரமுடியாதா?

இந்தத் தவறான புரிதல் நிறையப் பேருக்கு இருக்கிறது. பிபிஓ வன்முறையைத் தடுக்கும். அவர் அதே வீட்டில் தூங்குவதைத் தடுக்காது. அவர் வீட்டில் இருக்கவே கூடாது, அல்லது உங்கள் படுக்கையறைக்குள் வரக்கூடாது என்றால் வீட்டிலிருந்து விலக்கும் உத்தரவைச் சேர்த்துக் கேட்க வேண்டும். உங்கள் வேலையிடத்துக்கோ பிள்ளையின் பள்ளிக்கோ வரக்கூடாது, அழைக்கவோ செய்தி அனுப்பவோ கூடாது என்றால் அவற்றுக்கும் தனித்தனி உத்தரவுகள் உண்டு. கேட்டால்தான் கிடைக்கும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு அவர் பேரில் இருந்தாலும் அவரை விலக்கி உத்தரவிட முடியும். வீட்டின் உரிமை அதனால் கைமாறாது.

உத்தரவை மீறினால் 10,000 வெள்ளிவரை அபராதம், 12 மாதம்வரை சிறை, அல்லது இரண்டுமே. உத்தரவின் படத்தைக் கைப்பேசியில் வைத்திருங்கள். மீறினார் என்றால் 999-ஐ அழைத்து, “என்னிடம் பிபிஓ இருக்கிறது” என்ற வாக்கியத்திலிருந்து தொடங்குங்கள்.

பிபிஓ எடுத்தால் அவருக்குக் குற்றப்பதிவு வந்துவிடுமே, வேலை போய்விடுமே?

பிபிஓ குற்றத்தீர்ப்பு அல்ல. அதனால் குற்றப்பதிவு ஏற்படாது. உத்தரவை மீறுவதுதான் குற்றம், அந்த முடிவு அவர் கையில்.

விவாகரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. மணமாகி மூன்று ஆண்டு ஆகாமல் விவாகரத்துக்கு மனுக்கொடுப்பது இங்கே கடினம். பிபிஓவுக்கு அப்படி ஒரு காத்திருப்பு கிடையாது. மணமான மறுவாரமே விண்ணப்பிக்கலாம்.

எனக்கு ஆங்கிலம் வராது. போலீசிலும் நீதிமன்றத்திலும் எப்படிச் சொல்வது?

தமிழிலேயே சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். கணவரின் தம்பியோ பக்கத்து வீட்டுக்காரரோ உங்களுக்காக மொழிபெயர்க்க வேண்டாம். பிள்ளையைப் பேச வைக்கவே வேண்டாம்.

மொழிபெயர்ப்பாளர் இருந்தாலும் ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. அது நம் தமிழில்தான் இருக்கிறது. நாம் வன்முறையைப் பூசிமெழுகிப் பேசியே பழகியவர்கள். “கை நீட்டிட்டார்” என்கிறோம். “ஒரு தட்டு தட்டினார்”, “தப்பா நடந்துகிட்டார்”, “ஒரு மாதிரி பேசினார்”, “கொஞ்சம் முரட்டுத்தனம்” என்கிறோம். கேட்கும் தமிழருக்கு மீதி புரிந்துவிடும். ஆனால் மொழிபெயர்ப்பாளர் நீங்கள் சொன்னதைத்தான் சொல்ல வேண்டும், தானாக எதையும் சேர்க்கக்கூடாது. “தப்பா நடந்துகிட்டார்” என்பது ஆங்கிலத்தில் “சரியாக நடந்துகொள்ளவில்லை” என்று போய்ச் சேரும். பாலியல் வன்முறை ஒன்று மரியாதைக் குறைவாகச் சுருங்கிப்போகும். “கை நீட்டிட்டார்” கையை நீட்டியதாகவே பதிவாகலாம்.

ஆகவே உடம்பின் பெயர்களைச் சொல்லுங்கள், எண்ணிக்கையைச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு இப்படி: “வெள்ளிக்கிழமை இரவு சுமார் 10 மணிக்கு, சமையலறையில், வலது கையால் என் இடது கன்னத்தில் இரண்டு முறை அறைந்தார். நான் அடுப்பு மேடைமீது சாய்ந்தேன், முழங்கையில் அடிபட்டது. மகன் குளிர்பதனப் பெட்டியருகே நின்று பார்த்தான். ‘போலீசுக்குப் போனால் தாலியோடு ஊருக்கு அனுப்பிவிடுவேன்’ என்றார்.” இந்த நாலு வரியில் ஒரு விசாரணை அதிகாரிக்கு வேண்டியது அத்தனையும் இருக்கிறது. அவர் சொன்ன கெட்ட வார்த்தைகளையும் அப்படியே சொல்லுங்கள். வாயில் வர வெட்கமாக இருந்தால் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள். அந்த வார்த்தைக்கு வெட்கப்பட வேண்டியவர் அதைச் சொன்னவர்.

வாக்குமூலத்தில் கையெழுத்திடுமுன் அதைத் தமிழில் வாசித்துக்காட்டச் சொல்லிக் கேளுங்கள். திருத்த வேண்டியதைத் திருத்திய பிறகு கையெழுத்துப் போடலாம்.

ஆதாரம் இல்லையே?

கன்றிப்போன இடம் முதல் நாளில் லேசான சிவப்பாகத்தான் தெரியும். இரண்டாம், மூன்றாம் நாளில் கருநீலமாகும். மூன்று நாளும் படம் எடுங்கள். முகம் தெரிய ஒன்று, அருகில் ஒன்று, காயத்தின் பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து ஒன்று. நாணயம் இருந்தால் காயத்தின் அளவு தெரியும். மின்விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தைவிடச் சன்னலோரப் பகல் வெளிச்சம் நல்லது. அழகுபடுத்தும் செயலி எதையும் பயன்படுத்தாதீர்கள்.

பலதுறை மருந்தகத்திலோ அவசர சிகிச்சைப் பிரிவிலோ “மாடிப்படியில் விழுந்துவிட்டேன்” என்று சொல்லிவிட்டால் அதுதான் பதிவில் ஏறும். ஆறு மாதம் கழித்து எதிர்த்தரப்பு அந்த வரியைத்தான் எடுத்துக்காட்டும். யார் அடித்தது, எதனால் அடித்தது என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

குறிப்பேடு ஒன்று வைத்துக்கொள்ளலாம். நடந்த அன்றே எழுதிய இரண்டு வரிக்கு, பின்னால் நினைவிலிருந்து எழுதும் இருபது பக்கத்தைவிட மதிப்பு அதிகம். வீட்டில் வைக்க முடியாதென்றால் நம்பகமான தோழிக்குச் செய்தியாக அனுப்பிவிட்டு உங்கள் கைப்பேசியிலிருந்து அழித்துவிடுங்கள். அவரிடம் தேதியோடு இருக்கும்.

கழுத்தை நெரித்தார், ஆனால் காயம் எதுவும் இல்லை.

அவசர சிகிச்சைப் பிரிவுக்கு இன்றே போங்கள். கழுத்தை நெரித்த பிறகு வெளியே தடமே தெரியாமல் உள்ளே இரத்தக்குழாய் சேதமாகியிருக்கலாம். பக்கவாதம் சில நாள் கழித்துக்கூட வரலாம். குரல் கம்மியிருப்பது, விழுங்கும்போது வலி, கண்ணில் சிவப்புப் புள்ளிகள், தலைசுற்றல், அந்த நேரத்தில் சிறுநீர் கசிந்தது, சில நொடி நினைவு தப்பியது, இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். “சும்மா பயமுறுத்தினேன்” என்று அவர் சொல்வார். துணைவரால் ஒருமுறை கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பிற்பாடு அவர் கையால் கொல்லப்படும் ஆபத்து ஏழு மடங்குக்கும் மேல் என்று அமெரிக்காவில் நடந்த ஆய்வு காட்டியது. இதை மற்ற அடிகளோடு ஒன்றாக எண்ணிவிடாதீர்கள்.

“உன் பாஸை ரத்து செய்துவிடுவேன்” என்கிறார்.

நீண்டகால வருகை அனுமதியிலோ சார்ந்தோர் அட்டையிலோ இங்கு வாழும் பெண்களை அடக்கிவைக்கும் வாக்கியம் இதுதான். பாதுகாப்பு உத்தரவு கேட்க நீங்கள் சிங்கப்பூர்க் குடிமகளாக இருக்க வேண்டியதில்லை. போலீஸ் புகாருக்கும் அப்படித்தான். ஆதரவாளராக அவர் ஆதரவை விலக்கிக்கொள்ள முடியும் என்பது உண்மை. ஆனால் நீண்டகால வருகை அனுமதியைத் தருவதும் நீட்டிப்பதும் பொதுவாகக் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்தின் முடிவு; சார்ந்தோர் அட்டை மனிதவள அமைச்சின் முடிவு. அவர் முந்திக்கொள்ளுமுன் நீங்கள் குடும்பப் பாதுகாப்பு நிலையத்துக்குப் போய்விடுங்கள். வழக்குத் தேதி, நிலையத்தின் கடிதம் இரண்டையும் இணைத்து அந்த ஆணையத்துக்கோ அமைச்சுக்கோ எழுதினால் உங்கள் பக்கக் கதையும் கோப்பில் இருக்கும்.

கடவுச்சீட்டைப் பறித்துவைத்துக்கொள்ள கணவருக்கும் உரிமையில்லை, முதலாளிக்கும் இல்லை. அதை மீட்டுத் தரப் போலீசிடம் கேளுங்கள்.

கணவர் கட்டாயப்படுத்தினால் அது வன்புணர்ச்சியாகுமா?

ஆகும். மணவாழ்வில் கணவருக்கு இருந்த சட்டப் பாதுகாப்பு 2020 ஜனவரி 1 முதல் முழுவதுமாக நீக்கப்பட்டுவிட்டது.

துன்புறுத்துபவர் கணவர் இல்லை. மாமியார், அண்ணன், முன்னாள் காதலன்.

மாமனார், மாமியார், உடன்பிறந்தவர், பெற்றோர், வளர்ந்த மகன், விவாகரத்தான முன்னாள் கணவர் எல்லாருக்கும் எதிராக பிபிஓ கேட்கலாம். மணமாகாத காதலனுக்கு அது பொருந்தாது. அதற்கு 2014-ல் வந்த துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம் இருக்கிறது. பின்தொடர்வதும் அதில் குற்றம். அதற்கென்றே தனி நீதிமன்றம் 2021 ஜூனிலிருந்து இயங்குகிறது. காதல் உறவில் இருப்பவர், இருந்தவர் செய்யும் துன்புறுத்தலுக்குத் தண்டனை கூடுதல்.

வேலையிடத்தில் மேலாளர் தொட்டுத்தொட்டுப் பேசுகிறார். முதலில் என்ன செய்வது?

தொட்டது பாலியல் நோக்கில் என்றால் அது மானபங்கம், நேராகப் போலீசுக்குப் போகலாம். 2022 மார்ச் முதல் அதற்கு மூன்று ஆண்டுவரை சிறை. நிறுவனத்தின் விசாரணை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

நிறுவனத்துக்குள் புகார் தருவதானால் வாய்மொழியாகச் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். அன்றே மின்னஞ்சலாக எழுதுங்கள்: தேதி, இடம், அவர் பேசிய சொற்கள் அப்படியே, பக்கத்தில் யார் இருந்தார்கள், நீங்கள் என்ன சொன்னீர்கள். “எனக்கு இது பிடிக்கவில்லை, நிறுத்துங்கள்” என்று அவரிடம் சொல்லியிருந்தால் அதைக் குறிப்பிடுங்கள். பயத்தில் சிரித்து மழுப்பியிருந்தாலும் அதனால் உங்கள் புகார் செல்லாமல் போகாது. பயந்தேன் என்று எழுதுங்கள்.

கண்காணிப்புப் படக்கருவி இருந்த இடமென்றால் காணொளியைப் பத்திரப்படுத்துமாறு அதே மின்னஞ்சலில் கேளுங்கள். பல இடங்களில் சில வாரங்களில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். இந்த ஒரு வரியை எழுதாததால் நல்ல புகார்கள் ஆதாரமின்றி நின்றுபோகின்றன. நீங்கள் எழுதியதன் நகலை உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவையுங்கள். ஆனால் வாடிக்கையாளர் பட்டியல், நிறுவன ஆவணம் எதையும் கூடவே அனுப்பிவிடாதீர்கள். பிறகு அதைக் காரணம் காட்டி உங்களையே குற்றவாளியாக்குவார்கள்.

வேலையிடத் துன்புறுத்தலைக் கையாள்வது பற்றி மனிதவள அமைச்சும் தொழிற்சங்கமும் முதலாளிகள் சம்மேளனமும் சேர்ந்து 2015-ல் வெளியிட்ட முத்தரப்பு ஆலோசனைக் குறிப்பு இருக்கிறது. நிறுவனம் அசைந்துகொடுக்கவில்லை என்றால் நியாயமான வேலை நியமன நடைமுறைகளைக் கவனிக்கும் முத்தரப்பு அமைப்பான டாஃபெப்பில் முறையிடலாம். தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) மூன்று பேர் வேலை செய்யும் கடையில் மனிதவளப் பிரிவு எங்கே இருக்கும்? துன்புறுத்துபவரே முதலாளி என்றால் உள்புகார் பேச்சே வேண்டாம், நேராக வெளியே போங்கள். வாடிக்கையாளரோ நோயாளியோ துன்புறுத்தினாலும் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் 2014 சட்டம் பொருந்தும்.

கோபத்தில் அன்றே ராஜினாமா எழுதிவிடாதீர்கள். புகார் கொடுத்ததற்காக வேலையை விட்டு நீக்கினால், கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் தவறான பணிநீக்கம் என்று முறையிட வேண்டும். அந்த ஒரு மாதம் வேகமாக ஓடிவிடும்.

வீட்டுப் பணிப்பெண்ணாக வேலை செய்கிறேன். முதலாளி அம்மா அடிக்கிறார்.

பணிப்பெண்மீது முதலாளியோ வீட்டில் உள்ளவரோ செய்யும் குற்றத்துக்கு வழக்கமான தண்டனையைப்போல் இரண்டு மடங்குவரை கொடுக்கலாம். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்து, தமிழ் வீடுகளிலேயே வேலை செய்யும் பெண்கள் “நம்ம ஆளுங்கதானே, எப்படிக் காட்டிக்கொடுப்பது” என்று தயங்குகிறார்கள். காட்டிக்கொடுப்பது என்ற சொல்லுக்கே இங்கே இடமில்லை. 2016-ல் ஒரு மியன்மார்ப் பணிப்பெண் பட்டினியாலும் அடியாலும் இறந்தபோது அவர் எடை 24 கிலோ. அவருடைய முதலாளிக்கு 2021-ல் 30 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது.

மனிதவள அமைச்சின் பணிப்பெண்களுக்கான எண் 1800-339-5505. இல்லப் பணியாளர் நிலையத்தின் 24 மணி நேர எண் 1800-2255-233. கைப்பேசி இல்லையென்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் மருத்துவப் பரிசோதனையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். காயங்களையும் உடல் எடையையும் மருத்துவர் கவனிக்க வேண்டும். முதலாளி இல்லாமல் தனியே பேச வேண்டும் என்று கேளுங்கள். 2023 முதல் மாதத்தில் குறைந்தது ஒரு விடுமுறை நாளைப் பணமாக மாற்ற முடியாது, கொடுத்தே ஆக வேண்டும். வெளியே போய் ஒருவரிடம் பேசும் வாய்ப்பு அந்த நாளில் இருக்கிறது.

பாலியல் வன்முறை நடந்துவிட்டது. அடுத்த சில மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும்?

முதலில் பாதுகாப்பான இடம், பிறகு நம்பகமான ஒருவர். குளிக்கத்தான் தோன்றும், முடிந்தால் தள்ளிப்போடுங்கள். உடையை மாற்றினால் துவைக்காமல் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கி ஆதாரம் கெட்டுவிடும். உடலிலுள்ள ஆதாரத்தைச் சேகரிக்க 72 மணி நேரம்தான் முக்கியமான காலம். எச்ஐவி தடுப்பு மருந்தையும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கர்ப்பத்தைத் தடுக்கும் அவசர மாத்திரைக்கும் தாமதம் ஆகாது.

போலீசில் சொன்னால் கண்டோன்மென்ட் போலீஸ் வளாகத்தில் 2017-லிருந்து இருக்கும் ஒன்சேஃப் நிலையத்தில் மருத்துவப் பரிசோதனையையும் தடயச் சேகரிப்பையும் ஒரே இடத்தில் தனிமையில் செய்வார்கள். போலீசுக்குப் போவதா என்று இன்னும் முடிவெடுக்காதவர் பெண்கள் உரிமை அமைப்பான அவேரின் பாலியல் தாக்குதல் பராமரிப்பு நிலையத்தோடு பேசலாம்: 6779-0282. குளித்துவிட்டீர்களா, ஒரு வருடம் ஆகிவிட்டதா? அப்போதும் புகார் கொடுக்கலாம். உங்கள் பெயரையும் அடையாளத்தையும் வெளியிடச் சட்டம் தடை விதிக்கிறது.

என் அந்தரங்கப் படத்தை வெளியிடுவேன் என்று மிரட்டுகிறான்.

மிரட்டலே குற்றம், வெளியிட்ட பிறகுதான் குற்றம் என்றில்லை. ஐந்து ஆண்டுவரை சிறை உண்டு. படம் வெட்டி ஒட்டியதாகவோ செயற்கை நுண்ணறிவில் செய்ததாகவோ இருந்தாலும் அதே சட்டம்தான்.

பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் நிற்காது, அடுத்த வாரம் கூடுதலாகக் கேட்பான். உரையாடலை அழிக்காதீர்கள், உடனே தடுத்தும் வைக்காதீர்கள். முதலில் பதிவு செய்யுங்கள். திரைப்பிடிப்பில் தேதியும் நேரமும் தெரிய வேண்டும். திரையில் தெரியும் பெயரை நொடியில் மாற்றிவிடலாம். கணக்கின் இணைப்பு முகவரி, பயனர் பெயர், தொலைபேசி எண் இவற்றைத் தனியே குறித்துவையுங்கள். உரையாடலை மேலிருந்து கீழே உருட்டியபடி திரையைக் காணொளியாகவும் எடுங்கள். பிறகு அந்தத் தளத்தில் புகார், பிறகு போலீஸ்.

ஸ்டாப்என்சிஐஐ என்ற இலவசச் சேவையும் இருக்கிறது. படம் உங்கள் கைப்பேசியை விட்டு எங்கும் போகாது. அதன் எண் அடையாளம் மட்டும் உருவாக்கப்பட்டு, சேவையில் இணைந்த தளங்களுக்குப் போகும். அதே படத்தை யாராவது ஏற்றினால் அந்தத் தளங்கள் அடையாளம் கண்டு தடுக்க முடியும். இணையாத தளங்களில் இது வேலை செய்யாது. 18 வயதுக்குக் கீழுள்ளவரின் படம் என்றால் ஆதாரத்துக்கென்றுகூட யாருக்கும் அனுப்பாதீர்கள், நகல் எடுக்காதீர்கள். அந்தக் கைப்பேசியோடு நேராகப் போலீசுக்குப் போங்கள்.

இணையத் துன்புறுத்தலுக்கு ஷீகேர்ஸ் நிலையத்தின் எண் 8001-01-4616. இணையப் பாதுகாப்பு ஆணையம் அமைக்கும் சட்டத்தையும் 2025 நவம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அந்தரங்கப் படங்களை வெளியிடுவது, இணையத்தில் பின்தொடர்வது போன்றவற்றை நீக்க உத்தரவிடும் அதிகாரம் அதற்கு உண்டு.

அவன் பெயரையும் எண்ணையும் ஃபேஸ்புக்கில் போட்டு நாறடிக்கலாமா?

வேண்டாம். துன்புறுத்தும் நோக்கில் ஒருவரின் அடையாள விவரங்களை வெளியிடுவது 2020 முதல் குற்றம். நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது வழக்கு உங்கள்மேல் திரும்பக்கூடாது.

நான் எங்கே போனாலும் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. எப்படி?

பெரும்பாலும் உளவுச் செயலி எதுவும் தேவைப்படுவதில்லை. வாட்ஸ்அப்பில் “இணைக்கப்பட்ட சாதனங்கள்” பக்கத்தைத் திறந்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாத கணினி இருந்தால் அவர் எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருக்கிறார். கூகல் மேப்ஸில் இருப்பிடப் பகிர்வைப் பாருங்கள். ஐஃபோன் என்றால் குடும்பப் பகிர்வையும் பாருங்கள். கைப்பையின் உள்துணி, பிள்ளையின் தள்ளுவண்டி, காரின் இருக்கைக்கடி இவற்றில் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும் சிறு மின்வில்லை இருக்கிறதா என்று தடவிப்பாருங்கள்.

இங்கே சிங்பாஸ் தனிக் கவலை. கல்யாணமான புதிதில் “நான் அமைத்துத் தருகிறேன்” என்று அவரே உருவாக்கிய கணக்காக இருக்கலாம். மறைச்சொல் அவருக்குத் தெரிந்திருக்கும், பதிவான கைப்பேசி எண் அவருடையதாக இருக்கும். அந்த நிலையில் ஐஃபாம்ஸில் நுழைந்தால் அவருக்குத் தெரிந்துபோகும். எண்ணையும் மின்னஞ்சலையும் மறைச்சொல்லையும் முதலில் மாற்ற வேண்டும்.

ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் துண்டித்துவிடாதீர்கள். கட்டுப்பாடு கைநழுவுகிறது என்று அவர் உணரும் நேரம்தான் மிகவும் ஆபத்தான நேரம். தோழியின் கைப்பேசியிலிருந்து ஆலோசனை கேட்டு, வெளியேறும் நாளை முடிவு செய்தபின் ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

வெளியேறுமுன் எதையெல்லாம் எடுத்துவைப்பது?

அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டும் அனுமதி அட்டையும், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், மருந்துகள், ஒரு வாரத்துக்கான ரொக்கம், கைப்பேசி மின்னூட்டி. அசல் தாள்களை எடுத்தால் தெரிந்துவிடும் என்றால் படம் எடுத்துத் தோழிக்கு அனுப்புங்கள். நகையை ஒரே நாளில் அள்ள முடியாது. தினமும் போடும் வளையல், தோடு, தாலிக்கொடி என்று உடம்பிலேயே இருக்கட்டும். மீதியைப் படம் எடுத்துவையுங்கள், பின்னால் கேட்க உதவும்.

தங்க இடமில்லை என்றால் 1800-777-0000-இல் சொல்லுங்கள். நெருக்கடித் தங்குமிடங்கள் இருக்கின்றன, முகவரி வெளியில் தெரியாது, பிள்ளைகளையும் அழைத்துப் போகலாம். தமிழர்களுக்குச் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் குடும்பச் சேவையும் உண்டு.

பெரியவர்களை வைத்துப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்கிறார்களே?

சம பலமுள்ள இருவர் பேசித் தீர்க்கலாம். ஒருவர் மற்றவரைக் கண்டு நடுங்கும்போது அந்தக் கூடத்தில் உண்மை வெளிவராது. வீடு திரும்பிய பிறகு அங்கே பேசியதற்கும் சேர்த்து அடி விழும். மாமாவும் சித்தப்பாவும் உதவ நினைத்தால், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும், நீதிமன்றத் தேதியன்று துணைக்கு வரட்டும், ஒரு மாத வாடகைக்குக் கை கொடுக்கட்டும். அவர் நிஜமாகவே மாற விரும்பினால், கட்டாய ஆலோசனைக்குப் போகுமாறு நீதிமன்றமே உத்தரவிடும். பிபிஓவோடு அதையும் கேட்கலாம்.

பக்கத்து வீட்டில் அலறல் கேட்கிறது. நான் தலையிடலாமா?

அலறல் கேட்கும் அந்த நிமிடமே 999. உங்கள் கணிப்பு தவறாக இருந்தாலும் நல்லெண்ணத்தில் அழைத்ததற்காக உங்கள்மேல் குற்றமில்லை. தனியாகப் போய் அடிப்பவரோடு மோதாதீர்கள். கதவைத் தட்டுவதானால் இன்னொருவரோடு சேர்ந்து தட்டி, “கொஞ்சம் சீனி கிடைக்குமா” என்று சாதாரணமாகக் கேளுங்கள். அந்தக் குறுக்கீடே சில நேரம் அடியை நிறுத்தும். தேதியையும் நேரத்தையும் குறித்துவையுங்கள்.

மறுநாள் மின்தூக்கியில் அந்தப் பெண்ணைத் தனியாகப் பார்த்தால் “ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறீர்கள்” என்று கேட்காதீர்கள். “ராத்திரி சத்தம் கேட்டது, அக்கா. எப்ப வேணும்னாலும் எங்க வீட்டுக் கதவைத் தட்டுங்க” என்று சொல்லி, 1800-777-0000 என்ற எண்ணை ஒரு சின்னத் தாளில் எழுதிக் கொடுங்கள். கைப்பேசிக்கு அனுப்ப வேண்டாம், அதை அடிப்பவர் பார்க்கக்கூடும்.